கிழக்கேகோட்டை கூறும் போர்க்கணக்கு

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருக்குக் கிழக்கேகோட்டையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கோட்டை வாயிலுக்கு மேற்கே பத்மநாபசுவாமி கோயிலும் பத்மதீர்த்தக் குளமும் இருக்கின்றன. கிழக்கே சாலைக் கடைத்தெரு. அங்கே திருநெல்வேலித் தமிழும் நாஞ்சில் நாட்டுத் தமிழும் மலையாளத்தோடு கலந்து ஒலிப்பதை நாள்தோறும் கேட்கலாம். மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர்களுள் பலர், இங்குள்ள உறவினரைக் காணவோ கோயில் வழிபாட்டின் பொருட்டோ ஒருமுறையேனும் இவ்வாயிலைக் கடந்திருப்பர். கடந்து சென்றோர் கோயிலின் பெருமையைப் பேசுவர். கடைத்தெருவின் வளத்தைப் பேசுவர். கோட்டையைப் பற்றி மட்டும் எவரும் அதிகம் பேசுவதில்லை. அதனை யார் கட்டினார்கள் என்ற வினாவுக்கு விடை எளிது. அதற்கான செலவை யார் கொடுத்தார்கள், எத்தனை காலம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்ற வினாவையே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்புகிறோம்.

இவ்வினாவை எழுப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. மேலைநாடுகளில் தனிமனித சுதந்திரத்தையே அரசியலின் அடிப்படையாகக் கொள்ளும் கொள்கையினர் ஒரு சாரார் இருக்கின்றனர். எவரும் பிறர்மீது முதலில் வன்முறை செய்யலாகாது என்பது அவர்களது முதல் விதி. தனிமனிதனுக்குப் பொருந்தும் இவ்விதி அரசுக்கும் பொருந்தும் என்பர். ஆகவே, தாக்குவோரிடமிருந்து நாட்டைக் காத்துக்கொள்வது நியாயம். பிறர் மண்ணில் படை நடத்துவது அநியாயம். எல்லா நாடுகளோடும் வாணிகம் செய்யலாம். எவருடைய சண்டையிலும் தலையிடலாகாது. அவர்கள் கூறும் மற்றொரு கருத்து இன்னும் கூர்மையானது. போர் என்பது எதிரியை மட்டும் தாக்குவதன்று. அது சொந்தக் குடிகளின் உழைப்பையும் உடைமையையும் உரிமையையும் அரசின் கைக்கு மாற்றுகிறது. போருக்கென்று விதித்த வரியும் கட்டுப்பாடும் போர் முடிந்த பின்னும் நீங்குவதில்லை.

இக்கொள்கை நமக்கு முழுதும் உடன்பாடா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம். ஏட்டில் எழுதிய கொள்கையை நாட்டில் நடந்த வரலாற்றில் உரைத்துப் பார்ப்பதே முறை. அதற்கு இக்கோட்டையைவிடத் தகுந்த உரைகல் கிடைப்பது அரிது.

மிளகும் வெடிமருந்தும்

1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மரே திருவிதாங்கூர் அரசை உருவாக்கியவர். அவர் பட்டம் ஏற்றபோது வேணாடு ஒரு சிற்றரசு. எட்டு வீட்டுப் பிள்ளைமார் முதலிய பிரபுக்களின் கை ஓங்கியிருந்தது. அவர் மறைந்தபோது கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் ஆகிய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரது ஆட்சிக்குள் வந்திருந்தன. 1741 ஆம் ஆண்டு குளச்சலில் டச்சுக்காரரின் படையை அவர் முறியடித்தது இந்திய வரலாற்றிலேயே குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி. அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்னும் டச்சுப் படைத்தலைவர் பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்தார். இறுதிவரை இங்கேயே வாழ்ந்து 1777 இல் மறைந்த அவருடைய கல்லறை, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

இப்படைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மலைச்சரிவுகளில் காய்த்த மிளகிலிருந்து வந்தது. மிளகு வாணிகம் முழுவதையும் மார்த்தாண்ட வர்மர் அரசின் தனியுரிமையாக்கினார். பயிரிட்டவன் தன் விளைச்சலைத் தான் விரும்பியவனுக்கு விற்கும் உரிமையை இழந்தான். அரசு குறித்த விலைக்கு அரசின் பண்டகசாலையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதே மிளகை அரசு ஐரோப்பியருக்கு விற்று, துப்பாக்கியும் வெடிமருந்தும் வாங்கிற்று. 1753 இல் டச்சுக்காரரோடு மாவேலிக்கரையில் செய்த உடன்படிக்கையிலும் மிளகும் போர்க்கருவிகளும் அருகருகே இடம்பெற்றன. மலைநாட்டில் மிளகுக்கொடிக்கு நீர் ஊற்றிய ஏழைக் குடியானவன் குளச்சலையும் காயங்குளத்தையும் கண்டிருக்க மாட்டான். ஆயினும் ஒவ்வொரு போரிலும் அவன் பங்கு இருந்தது.

மன்னரே இதன் பாரத்தை உணராதவர் அல்லர். 1750 ஆம் ஆண்டு ஜனவரியில் தம் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமியின் திருவடியில் ஒப்படைத்து, இனித் தாம் பத்மநாபதாசரே என்று அறிவித்தார். இதுவே திருப்படித்தானம் எனப்படுவது. ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாட்கள் நடந்து இலட்சதீபத்தோடு நிறைவுறும் முறஜபத்தையும் அவரே ஏற்படுத்தினார். போர்களில் சிந்திய குருதிக்குக் கழுவாயாகவே இதனை அவர் தொடங்கினார் என்பது வழிவழியாகக் கூறப்படுவது. வெற்றிக்குத் தூண் நாட்டிய மன்னர் பலர். வெற்றிக்குப்பின் கழுவாய் தேடிய மன்னரைப் பற்றி இங்ஙனம் ஒரு மரபு நின்று நிலவுவது, இந்நாட்டு மக்கள் மனத்தில் போரைப் பற்றி இருந்த கருத்தையே காட்டுகிறது எனலாம். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. கழுவாய் செய்யப்பட்டது, மிளகுத் தனியுரிமை மட்டும் நீக்கப்படவில்லை. அது மேலும் ஒரு நூற்றாண்டுக் காலம் நீடித்தது.

அடைக்கலம் தந்த அரசர்

அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் 1758 முதல் 1798 வரை ஆண்டார். அவரைத் தர்மராஜா என்று மக்கள் போற்றுகின்றனர். முன்னவரைப் போல அண்டை நாடுகளை வென்று சேர்ப்பதில் அவர் நாட்டம் கொள்ளவில்லை. இருக்கும் எல்லையைக் காப்பதே அவரது நோக்கம். டிலனாயின் மேற்பார்வையில் வடவெல்லையில் எழுந்த நெடுங்கோட்டை, மண்ணாலும் அகழியாலும் முள்வேலியாலும் ஆகிய நீண்ட காப்பு அரண். அது எவரையும் தாக்குவதற்கு எழுந்ததன்று.

1766 இல் ஐதர் அலி மலபாரின்மீது படையெடுத்தபோதும், பின்னர் அவர் மகன் திப்பு சுல்தான் காலத்திலும், வடக்கேயிருந்து அரச குடும்பத்தாரும் பொதுமக்களும் கூட்டம் கூட்டமாகத் திருவிதாங்கூருக்கு ஓடிவந்தனர். இராமவர்மர் அவர்களுக்கு இடமும் உணவும் தந்தார். அவர்களை ஒப்படைக்கும்படி திப்பு கேட்டபோது மறுத்துவிட்டார். 1789 இல் டச்சுக்காரரிடமிருந்து கொடுங்கல்லூர்க் கோட்டையை வாங்கியது சண்டைக்கு மற்றொரு காரணமாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 29 ஆம் நாள் திப்புவின் படை நெடுங்கோட்டையைத் தாக்கிப் பெரும் இழப்போடு பின்வாங்கியது. 1790 ஏப்ரலில் மீண்டும் தாக்கி அரணை உடைத்து ஆலுவாய்வரை முன்னேறியது. பருவமழையால் பெரியாறு பெருகியதும், கம்பெனியார் மைசூர்மீது போர் தொடுத்ததும் திப்புவைத் திரும்பச் செய்தன.

தனிமனித சுதந்திரக் கொள்கையினர் இதில் குறை காண்பதற்கு இல்லை. தாக்கப்பட்டவன் தன்னைக் காத்துக்கொண்டான். அஞ்சி வந்தோர்க்கு அடைக்கலம் கொடுத்தான். அவர்கள் நியாயமெனக் கொள்ளும் போருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆனால் வரலாறு இங்கே நின்றுவிடவில்லை. தன் வலிமை போதாது என்று கண்ட அரசர் கம்பெனியின் துணையை நாடினார். அதன் விலையே அடுத்த அத்தியாயம்.

நட்பின் விலை

மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்ட நமக்கு உடன்படிக்கைகளின் சொற்களைக் கவனிக்கும் பழக்கம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி சுதேச மன்னரோடு செய்த உடன்படிக்கைகளில் நிரந்தர நட்பு என்ற சொல் தவறாமல் வரும். அதனை அடுத்துப் படைச்செலவுக்கான தொகையும் தவறாமல் வரும். அத்தொகைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய ஸப்ஸிடி என்ற சொல் உதவித்தொகை என்ற பொருளையும் தரும். யார் யாருக்கு உதவினார்கள்? பாதுகாக்கப்படுபவன் பாதுகாப்பவனுக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகையைத் தமிழில் கப்பம் என்று கூறுவதே நேர்மையான மொழிபெயர்ப்பு.

1795 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, மூன்று சிப்பாய்ப் பட்டாளங்களுக்கும் அவற்றோடு சேர்ந்த பீரங்கிப் படைக்கும் ஆகும் செலவைத் திருவிதாங்கூர் ஏற்றது. தர்மராஜா தம் தலைநகரைப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றிக்கொண்டதும் ஏறத்தாழ இக்காலத்திலேதான். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் வீரர்கள் வழிபட்ட பிள்ளையார் அப்போது அவர்களோடு இங்கு வந்து, கிழக்கேகோட்டைக்கு அருகே பழவங்காடியில் அமர்ந்தார் என்பது கோயில் வரலாறு. அவ்வீரர்களின் வழித்தோன்றலான பட்டாளங்கள் பின்னர் இந்திய இராணுவத்தின் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தன. இன்றும் அக்கோயிலை நிர்வகிப்பது இராணுவமே. தேங்காய் உடைக்கும் பக்தர்களுள் எத்தனை பேர் இதை அறிவர்?

தர்மராஜாவுக்குப்பின் இளம் வயதில் பட்டமேற்ற பாலராமவர்மர் காலத்தில் நிலைமை மோசமாயிற்று. கருவூலம் வறண்டது. கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகை மட்டும் ஆண்டுதோறும் வாயிலில் வந்து நின்றது. செலவைக் குறைக்கும் பொருட்டு 1804 இல் நாயர்ப் படையினரின் படிகளில் கை வைத்தபோது அவர்கள் கலகம் செய்தனர். அக்கலகத்தையே காரணமாகக் காட்டி 1805 இல் கம்பெனி புதிய உடன்படிக்கை ஒன்றைப் பெற்றது. ஆண்டுத் தொகை 8 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. கம்பெனியின் அனுமதியின்றி வேறு அரசுகளோடு கடிதத் தொடர்பும் கூடாது. ஐரோப்பியர் எவரையும் பணியில் அமர்த்தலாகாது. தொகை நின்றால் நாட்டின் நிர்வாகத்திலேயே கம்பெனி தலையிடலாம். எதிரியிடமிருந்து காக்க வந்தவன் வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டான். திப்புவோ 1799 இலேயே சீரங்கப்பட்டணத்தில் மடிந்துவிட்டார். எதிரி மறைந்து ஆறாண்டு கழிந்தபின் பாதுகாப்பின் விலை ஏறிற்று என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

இத்தொகையை வசூலித்துத் தர வேண்டிய பொறுப்பு தளவாய் வேலுத்தம்பியின் தலையில் விழுந்தது. தலக்குளத்தில் பிறந்த அவர் கடுமையான நிர்வாகி; கண்டிப்பாக வரி வசூலித்தார்; குற்றவாளிகளைக் கொடுமையாகத் தண்டித்தார். 1805 உடன்படிக்கைக்கு இணங்கியவரும் அவரே. ஆயினும் பாக்கித் தொகையைக் கேட்டு ரெசிடெண்டு மெக்காலே நெருக்க நெருக்க, நண்பராயிருந்தவர் பகைவரானார். 1808 டிசம்பரில் கொச்சியில் ரெசிடெண்டின் மாளிகை தாக்கப்பட்டது. 1809 ஜனவரி 11 ஆம் நாள் குண்டறையில் வேலுத்தம்பி வெளியிட்ட விளம்பரம் புகழ் பெற்றது. அதில் அரசுரிமையும் சமயமும் மட்டும் பேசப்படவில்லை. கம்பெனி ஆட்சி வந்தால் உப்பு தனியுரிமையாகும், வயலுக்கும் தென்னைக்கும் தாங்கொணா வரி வரும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. மக்களைப் போருக்கு அழைத்த அவ்விளம்பரமே போரின் மூலகாரணம் வரிச்சுமை என்று கூறாமல் கூறிற்று.

1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாயின் அரணை உடைத்து உள்ளே வந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் எளிதில் பணிந்தன. வேலுத்தம்பி மண்ணடிக் கோயிலில் உயிர் துறந்தார். அவருடைய உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தூக்கிக் காட்டினர். படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. படை போயிற்று, படைச்செலவு போகவில்லை. ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாய் என்ற அதே தொகை இருபதாம் நூற்றாண்டிலும் திருவிதாங்கூரின் வரவுசெலவுக் கணக்கில் தொடர்ந்து இடம்பெற்றது. 1805 இல் அத்தொகைக்கு இசைந்தவர்களின் கொள்ளுப்பேரர்களும் அதற்குப் பங்கு கொடுத்தார்கள்.

வாணிகம் திறந்த வாயில்

கிழக்கேகோட்டையிலிருந்து வடக்கே மகாத்மா காந்தி சாலையில் நடந்தால் தலைமைச் செயலகம் வருகிறது. அங்கே வேலுத்தம்பியின் சிலை ஒரு புறமும், சாலைக்கு அப்பால் திவான் மாதவராவின் சிலை மறுபுறமும் நிற்கின்றன. பின்னதன் பெயராலேயே அவ்விடத்தை ஸ்டாச்சு என்கின்றனர். வாளேந்தியவரும் கணக்கேந்தியவரும் எதிரெதிரே நிற்கும் இக்காட்சி பொருள் பொதிந்தது.

கும்பகோணத்தில் 1828 இல் பிறந்த மாதவராவ் 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தார். மார்த்தாண்ட வர்மர் காலத்திலிருந்து நிலவிய மிளகுத் தனியுரிமையை 1860 இல் நீக்கியவர் அவரே. நூறாண்டுக்கு மேலாக அரசின் பண்டகசாலையையே நோக்கியிருந்த குடியானவன், தன் மிளகைத் தானே விற்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. அடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த புகையிலையின்மீது இருந்த அரசுத் தனியுரிமையும் நீங்கிற்று. 1865 இல் பிரிட்டிஷ் இந்தியா, கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய மூன்றுக்கும் இடையே ஏற்பட்ட வாணிக ஒப்பந்தத்தால் எல்லைச் சுங்கத்தடைகள் பெரும்பாலும் அகன்றன. அதே ஆண்டு வெளியான பண்டாரவகைப் பாட்ட விளம்பரம், அரசு நிலத்தை உழுதவனுக்கு அதன்மேல் முழு உரிமை அளித்தது. பீரங்கி திறக்காத வாயில்களை இவ்வாறு வாணிகம் திறந்தது. சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் தழைத்ததற்கு இம்மாற்றங்களும் காரணம் என்று கொள்வதில் பிழையில்லை.

ஆயினும் இக்காலத்தைப் பொற்காலம் என்று வாளா புகழ்ந்துவிட முடியாது. அன்றைய சமாதானம் பிரிட்டிஷ் வல்லரசின் நிழலில் கிடைத்தது. திருவிதாங்கூர் மக்கள் தாமே தேர்ந்துகொண்டதன்று. மேலும், போர் இல்லாத நாட்டிலும் வன்முறை இருந்தது. நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்கே நெடுங்காலம் போராடி, 1859 இல்தான் அரச விளம்பரத்தின்வழி ஓரளவு உரிமை பெற்றனர். கூலியின்றி ஊழியம் செய்த மக்களுக்கு எல்லையில் படை நின்றாலென்ன, நீங்கினாலென்ன? பிறர்மீது வன்முறை செய்யலாகாது என்னும் கொள்கை எல்லைக்கோட்டோடு நின்றுவிட்டால் அது பாதிக் கொள்கையே.

பர்மாவிலிருந்து வாஷிங்டன் வரை

இக்கருத்துகள் நம் ஊர் வரலாற்றுக்கு வெளியிலிருந்து ஒட்டவைத்தவை என்று எவரேனும் எண்ணலாம். அன்று. இங்கிலாந்தில் தடையற்ற வாணிகத்துக்காகப் போராடிய ரிச்சர்ட் காப்டன், 1853 இல் இந்தியாவில் போர்கள் எவ்வாறு மூட்டப்படுகின்றன என்பது பற்றியே ஒரு சிறுநூல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது 1852 ஆம் ஆண்டின் இரண்டாம் பர்மியப் போர். இரங்கூனில் இரண்டு ஆங்கிலக் கப்பல் தலைவர்களுக்கு நேர்ந்த நட்டம் ஆயிரம் பவுனுக்கும் குறைவு. அதற்கு ஈடு கேட்கத் தொடங்கிய தகராறு, பெகு மாகாணம் முழுவதையும் பறித்துக்கொள்வதில் முடிந்தது. போரை நடத்தியது கம்பெனி அரசு. செலவோ இந்திய வரிசெலுத்துவோர் தலையில் விழுந்தது. பின்னாளில் அப்பர்மாவுக்கு நகரத்தாரும் கூலித் தொழிலாளருமாகத் தமிழர் ஆயிரமாயிரமாகச் சென்றனர். 1942 இல் மற்றொரு போர் வந்தபோது, அவர்களுள் பெருந்தொகையினர் சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டு, காட்டுவழியாக நடந்து தாயகம் திரும்ப நேர்ந்தது. போர்க்கணக்கில் புலம்பெயர்ந்தோரின் பெயர் எழுதப்படுவதில்லை. செலவுப் பத்தியில் மட்டும் அவர்கள் எப்போதும் இருக்கின்றனர்.

நம் காலத்துக்கு வருவோம். 1954 இல் இந்தியாவும் சீனாவும் கையொப்பமிட்ட பஞ்சசீலத்தில், ஒருவரையொருவர் தாக்காமை என்பது ஐந்தில் ஒன்று. 1959 இல் சுதந்திராக் கட்சியை நிறுவிய இராஜாஜி, அரசின் கை குடிகளின் தொழிலிலும் வாணிகத்திலும் ஓங்குவதை எதிர்த்தவர். அவரே 1962 இல், தம் 83 ஆம் வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவோடு அமெரிக்கா சென்று ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். பெர்மிட்டையும் லைசென்ஸையும் எதிர்த்தவர் அணுகுண்டையும் எதிர்த்ததில் முரண்பாடு இல்லை. இரண்டிலும் அவர் கண்டது, ஒரு சிலரின் கையில் குவியும் அளவற்ற அதிகாரம்.

அவர் திரும்பிய சில வாரங்களில் சீனப்படை எல்லையைக் கடந்தது. பஞ்சசீலம் பனிமலையில் கரைந்தது. அப்போது சுதந்திராக் கட்சியினர் மேலைநாடுகளின் படைத்துணையை நாட வேண்டும் என்றனர். கம்பெனியின் துணையை நாடிய தர்மராஜாவின் இக்கட்டு மீண்டும் ஒருமுறை நம் முன் வந்து நின்றது. வலியவன் தாக்கும்போது மற்றொரு வலியவனைத் துணைக்கு அழைத்தால் அதன் விலை என்ன என்பதே அவ்வினா.

அப்போர் ஒரு மாத காலத்தில் நின்றுவிட்டது. 1962 அக்டோபர் 26 இல் அறிவித்த நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீங்கவில்லை. நாட்டுப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் தூய்மையுள்ள தங்கத்தில் புதிய நகை செய்தல் கூடாது என்றனர். தமிழ்நாட்டிலும் பிற இடங்களிலும் பொற்கொல்லர் குடும்பங்கள் பல பிழைப்பிழந்து தவித்தன. தூய்மை பற்றிய விதி பின்னர்த் தளர்ந்தாலும், கட்டுப்பாடு 1968 இல் தனிச் சட்டமாகி 1990 இல்தான் நீங்கிற்று. ஒரு மாதப் போர், 27 ஆண்டுக் கட்டுப்பாடு. மார்த்தாண்ட வர்மரின் மிளகுக்கும் நம் காலத்துத் தங்கத்துக்கும் இடையே இரு நூற்றாண்டு இடைவெளி இருக்கலாம்; நடந்த முறை ஒன்றே.

நாம் கேட்க வேண்டியவை

இக்கொள்கை நமக்கு முழுதும் உடன்பாடா என்ற வினாவுக்கு இப்போது விடை கூறலாம். முழுதும் உடன்பாடன்று. எவருடைய சண்டையிலும் தலையிடாதே என்ற விதியைத் தர்மராஜா எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்திருந்தால், மலபார் அகதிகளை எல்லையிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். அது அமைதியாக இருந்திருக்கும், அறமாக இருந்திராது. மேலும், அவர் நெடுங்கோட்டையில் எதிர்த்து நிற்க முடிந்ததே முன்னவர் போரால் சேர்த்த நாட்டின் வலிமையால்தான் என்று வாதிப்பாரும் உளர். அவ்வாதத்தை எளிதில் தள்ள இயலாது.

ஆனால் போரின் விலையைப் பற்றி அவர்கள் கூறுவது உண்மை என்பதைக் கிழக்கேகோட்டை மெய்ப்பிக்கிறது. வென்ற போரும் விலை கேட்டது. தோற்ற போரும் விலை கேட்டது. நியாயமான போருங்கூட விலை கேட்டது. அவ்விலையைப் போரை முடிவு செய்தவர்கள் மட்டும் கொடுக்கவில்லை. மிளகுக்காரனும் தென்னை வைத்திருந்தவனும் பொற்கொல்லனும் கொடுத்தார்கள். போர் முடிந்த நாளில் அவர்களுடைய கணக்கு முடிந்துவிடவில்லை.

ஆகவே போர்ப்பேச்சு எழும்போதெல்லாம் குடிகளாகிய நாம் மூன்று வினாக்களைக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நாம் தாக்கப்பட்டோமா, அல்லது தாக்கப் போகிறோமா? இதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? இதற்கென விதிக்கும் வரியும் கட்டுப்பாடும் எந்த நாளில் நீங்கும்? முதல் வினாவை எல்லா நாட்டிலும் கேட்கிறார்கள். இரண்டாவதைச் சிலர் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பார் மிகச் சிலரே. வரலாற்றில் அதிகத் துன்பம் விளைந்தது அம்மூன்றாவது வினாவைக் கேளாமையால்தான்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். எல்லைகள் திறந்திருப்பதால் வாழ்பவர்கள் நாம். 1809 இல் கம்பெனிப் படை புகுந்த ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியாகவே இன்று திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு இரயில் வருகிறது. அதில் ஏறித் திருவனந்தபுரம் வருவோர் சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்குக் கொண்டுவருகிறார்கள், வேலைக்கு வருகிறார்கள், பெண் கொடுக்கவும் எடுக்கவும் வருகிறார்கள். இவர்களைத் தடுத்து நிறுத்த அங்கே இப்போது அரணும் இல்லை, சுங்கச் சாவடியும் இல்லை.